டிரங்குப் பெட்டி, டிசம்பர்

டிசம்பர் 2
அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வார்டில் நர்சு முன்னால் போனால், அந்தப் பெண் மிதித்த டைல்ஸையே பார்த்துப் பார்த்து மிதித்து நடக்கிறாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பிக்கு, என் பையனுக்கு, அனுப்பினேன். ஒற்றை டிக்.

டிசம்பர் 4
அண்ணன் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறான். கறுப்புப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அப்பாவின் பட்டாள நம்பர். நகத்தால் சுரண்டினால் அடியில் தாத்தாவின் நம்பர் தெரிகிறது. போடமாட்டேன், போ.

அடியிலேயே கிடந்தது ஒரு மணியார்டர் ரசீது. பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஊதா மையில் கொள்ளுப் பாட்டியின் கட்டைவிரல் ரேகை. கொள்ளுத் தாத்தா முதல் உலகப் போரில் ஈராக் பக்கம் பாஸ்ராவில் இருந்தார், இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ரேகை பாஸ்ரா வரை போய், அவர் பையிலேயே கிடந்து, அவரோடு திரும்பி வந்திருக்கிறது. லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டில் வேலூரிலிருந்து அந்தப் போருக்கு 277 பேர் போனார்கள், 14 பேர் திரும்பவில்லை என்று இருக்கிறது. அந்தப் பக்கம் காய் வாங்கப் போகும்போதெல்லாம் 277-ஐயும் 14-ஐயும் கழித்துப் பார்ப்பேன், சின்ன வயசுப் பழக்கம்.

டிசம்பர் 5
மறுபடியும் அந்த ஓட்டை.

தாத்தா பர்மாவிலிருந்து 1944 டிசம்பரில் எழுதியது. சென்சார்காரன் பிளேடால் ஒரு வார்த்தையை நறுக்கி எடுத்திருக்கிறான், தீக்குச்சியில் பாதி நீளம் இருக்கும். முன்பக்கம், "நாங்கள் இப்போது ... ஆற்றண்டை வேலையாயிருக்கிறோம்". சிந்த்வின்தான் என்று வைத்துக்கொள்ளலாம், அந்த மாசம்தான் களேவாவில் 1,154 அடிக்கு பெய்லி பாலம் போட்டார்கள், தாத்தாவோ மெட்ராஸ் சாப்பர்ஸ், பாலம் போடுகிற, கண்ணிவெடி எடுக்கிற பட்டாளம். அவர் அங்கே இருந்தார் என்பது என் ஆசையாகவும் இருக்கலாம். அது கிடக்கட்டும். தாளைத் திருப்பினால் பின்பக்கம், "தை பிறந்ததும் ... விற்று தங்கச்சி கல்யாணத்தை முடித்துவிடவும்". எதை விற்கச் சொன்னார்? ஆற்றின் பேரை வெட்டினவன் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்திருக்கமாட்டான். ஆயா கையில் இந்த ஓட்டைதானே போய்ச் சேர்ந்திருக்கும். அவள் என்னதான் விற்றாள்? கல்யாணம் என்னவோ நடந்திருக்கிறது.

டிசம்பர் 7
ஒற்றை டிக்.

டிசம்பர் 9
அப்பாவிடம் கேட்டேன். "பசுமாடு" என்றார். சாயங்காலம் கேட்டால் "கெணத்து மேட்டு நெலம்". தாத்தா கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும், அந்த ஓட்டையில் கெணத்து மேட்டு நெலம் நுழையாது. பசுமாடு நுழையும். காப்பும் நுழையும், பென்சிலால் தாளில் எழுதி அளந்து பார்த்தேன். காப்பு என்றால் கைக்காப்பு. பைத்தியம் பிடித்துவிடும்போல.

டிசம்பர் 12
அப்பாவுடைய இன்லண்ட் லெட்டர்களைத் தேதிப்படி அடுக்கினேன். 1971 நவம்பர் 24-க்கு ஒன்று. அப்புறம் ஒன்றுமே இல்லை. அடுத்தது ஜனவரி 9. "நான் நலம். இங்கே குளிர் அதிகம். எருமைக்குப் பருத்திக்கொட்டை நிறுத்தவேண்டாம்." அவ்வளவுதான்! ஒன்பதாவது எஞ்சினியர் ரெஜிமெண்ட், அந்த டிசம்பர் பாகிஸ்தான் போரில் பசந்தர் ஆற்றங்கரையில் ராத்திரியோடு ராத்திரியாக டாங்கி போவதற்குக் கண்ணிவெடி எடுத்து, இரண்டு பக்கமும் டேப் கட்டி வழி போட்ட ஆட்கள். எழுதினது எருமையைப் பற்றி. இதை எந்த சென்சாரும் வெட்டவில்லை, அவரே எழுதவில்லை.

லீவில் வந்தபோது வரப்பில்கூட முன்னால் போனவன் கால்தடத்தில்தான் கால் வைப்பார் என்று அம்மா சொல்லுவாள். நாங்கள் பிள்ளைகள் வேண்டுமென்றே தாண்டித் தாண்டிக் குதிப்போம், ஒருநாள் ஓங்கி அறைந்தார். எதற்கு அறைந்தார் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

டிசம்பர் 13
பெங்களூர் அல்சூரில் சாப்பர்ஸ் டிரெயினிங் முடித்தவர்கள் எல்லோருக்கும் தம்பி என்றுதான் பேர் என்பார் அப்பா. எனக்கு ஒரு தம்பிதான். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், "போன்ல கேக்காதம்மா". சரி, கேட்கவில்லை.

டிசம்பர் 16
டிவியில் அருண் கேத்ரபால் படத்தைக் காட்டினார்கள், 1971-ல் இதே நாளில் பசந்தரில் செத்துப்போன டாங்கி ஆபீசர். 21 வயசு. அப்பாவுக்கு அன்றைக்கு 22. சேனலை மாற்றப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே, "டேப்புக்கு வெளியே போகாதே" என்றார். என்னிடமா, யாரிடம் என்று தெரியவில்லை. கஞ்சி குடிக்கவில்லை.

டிசம்பர் 18
தம்பி பேசினான்!! ஒரு நிமிஷம்கூட இருக்காது, வார்த்தைக்கு வார்த்தை எதிரொலி. சாப்பிட்டியா என்றேன், சாப்பிட்டேன் என்றான். தாத்தா எப்படி என்றான், நன்றாக இருக்கிறார் என்றேன். மோட்டார் ரிப்பேர் ஆனதையும் அதற்கு மூவாயிரம் ஆனதையும் சொன்னேன். மோட்டாரைப் பற்றி ஏன் சொன்னேன்?

டிசம்பர் 19
காப்புதான். ஆயா கை வெறும் கைதான் எல்லா போட்டோவிலும்.

டிசம்பர் 21
விடியற்காலையிலிருந்து மூச்சு இழுக்கிறது. ஆட்டோ சொல்லியிருக்கிறேன், அண்ணன் ஆற்காட்டிலிருந்து கிளம்பிவிட்டானாம். தம்பிக்கு என்ன அனுப்புவது என்று இரண்டு தடவை அடித்து இரண்டு தடவையும் அழித்துவிட்டேன். பெட்டிச் சாவி என் பர்ஸில்.