போக்கோ எஃப்1-இல் லினேஜ்ஓஎஸ்: பூட்லோடர் திறப்பதிலிருந்து யுபிஐ வரை

2018 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த போக்கோ எஃப்1 இன்னும் பல வீடுகளில் உயிரோடு இருக்கிறது. ஸ்னாப்டிராகன் 845 சிப், 6 அல்லது 8 ஜிபி ராம், 4000 எம்ஏஎச் பேட்டரி என்று வன்பொருளில் ஒரு குறையும் இல்லை. மென்பொருள்தான் ஆண்ட்ராய்டு 10-உடன் நின்றுபோனது. பாதுகாப்புத் திருத்தம் வராத போனில் வங்கிக் கணக்கு, ஆதார், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் வைத்திருப்பது சரியில்லை என்பதால் இங்கே வேலூர் சத்துவாச்சாரியில் இந்த மாடலுக்கு, ஆண்ட்ராய்டின் திறந்தமூல மாற்று வடிவமான லினேஜ்ஓஎஸ் ஏற்றினோம். அந்த வேலையை வரிசைப்படி எழுதியிருக்கிறோம். ரோம், அதாவது போனின் இயங்குதள மென்பொருள், ஏற்றுவது அரைமணி நேர வேலைதான். அதற்கு முன்னால் செய்கிறவைதான் நாள் பிடிக்கும், போன் பிழைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடும்.

முதலில் மாடலை உறுதிசெய்யுங்கள். ஒவ்வொரு போனுக்கும் ஒரு குறிப்பெயர் உண்டு. எஃப்1-க்கு அது ‘பெரிலியம்’. பெட்டியில் போட்டிருக்கும் பெயரை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் வெவ்வேறு சிப் போட்டு விற்ற மாடல்கள் உண்டு. போனை ஃபாஸ்ட்பூட்டில் (கணினியிலிருந்து கட்டளை ஏற்கும் நிலை) வைத்து ‘ஃபாஸ்ட்பூட் கெட்வார் ப்ராடக்ட்’ கட்டளை கொடுத்தால் குறிப்பெயரை போனே சொல்லும். தரவிறக்கும் கோப்பின் பெயரிலும் அதே சொல் இருக்க வேண்டும். கோப்பு முழுதாக இறங்கியதா என்று எஸ்ஹெச்ஏ256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸில் ‘செர்ட்யுடில்’, லினக்ஸில் ‘எஸ்ஹெச்ஏ256சம்’ போதும். விடுதி வைஃபையில் பாதியில் அறுந்து இறங்கிய ஒரு ஜிபி கோப்பு பார்க்க முழுசாகத்தான் தெரியும்.

அடுத்து பேக்கப். போன் தொடங்கும்போது எந்த மென்பொருளை ஏற்றலாம் என்று தீர்மானிக்கும் பூட்லோடரைத் திறக்கும் கணமே உள் சேமிப்பு முழுவதும் அழியும். படங்கள், தொடர்பு எண்கள் தவிர மறந்துபோகும் மூன்று: வாட்ஸ்ஆப்பின் பேக்கப் கோப்புறை, இரண்டு கட்ட உள்நுழைவுக்கான ஆத்தென்டிகேட்டர் குறியீடுகள், குறிப்புகள் செயலியில் எழுதி வைத்த கணக்குகள். கூகுள் கணக்கை அமைப்புகளில் போய் நீக்கிவிட்டே தொடங்குங்கள். இல்லையென்றால் பிறகு பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு போன் பூட்டிக்கொள்ளும்.

இனி பூட்லோடர். அமைப்புகளில் மியுஐ (போனுடன் வந்த ஷாவ்மியின் மென்பொருள்) பதிப்பு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ஓஇஎம் அன்லாக்கிங்கை இயக்கி, ‘மி அன்லாக் ஸ்டேட்டஸ்’ பகுதியில் உங்கள் மி கணக்கை இணைக்க வேண்டும். இந்த இடத்தில் வைஃபையை அணைத்துவிட்டு சிம்மின் டேட்டாவில்தான் இணைக்க வேண்டும். வைஃபையில் செய்தால் பிழைச் செய்தி வரும். பிறகு கணினியில் மி அன்லாக் மென்பொருளை ஓட்டினால், வழக்கமாக 168 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். அதாவது ஏழு நாள். இடையில் கணக்கை வெளியேற்றி மறுபடி இணைக்காதீர்கள், கடிகாரம் முதலிலிருந்து ஓடும். சிம்மையும் கழற்ற வேண்டாம். ஹைப்பர்ஓஎஸ் வந்துவிட்ட புதிய ஷாவ்மி போன்களில் நடைமுறை வேறு: ஷாவ்மி கம்யூனிட்டி செயலியில் விண்ணப்பிக்க வேண்டும், தினசரி ஒதுக்கீடு பெய்ஜிங் நள்ளிரவில் திறக்கும். நம் கடிகாரத்தில் இரவு 9.30. எஃப்1-க்கு அந்தத் தலைவலி இல்லை.

காத்திருக்கும் வாரத்தில் மியுஐயின் கடைசி ஆண்ட்ராய்டு 10 பதிப்புக்குப் புதுப்பித்துவிடுங்கள். இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ரோம் மாற்றினாலும் மோடம், ஆடியோ, பூட்லோடர் போன்ற ஃபர்ம்வேர் பகுதிகள் நிறுவனம் கொடுத்தவையாகவே இருக்கும். பழைய ஃபர்ம்வேர் மேல் புதிய ரோமை ஏற்றினால் சிக்னல் வராது, கைரேகை வேலை செய்யாது, சில சமயம் நிறுவலே பாதியில் நிற்கும். ‘எரர் 7’ வந்தால் கோப்பு கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மாடலோ ஃபர்ம்வேரோ பொருந்தவில்லை என்று ரோம் மறுக்கிறது, அவ்வளவுதான். சோதனை வரியை நீக்கிவிட்டு ஏற்றச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள். அந்த வரி போனைக் காப்பாற்ற வைக்கப்பட்டது.

கணினிப் பக்கம்: ஏடிபி, ஃபாஸ்ட்பூட் கட்டளைகள் அடங்கிய பிளாட்ஃபார்ம் டூல்ஸ் தொகுப்பு, கூகுளின் யுஎஸ்பி டிரைவர், டேட்டா போகும் கேபிள். சார்ஜ் மட்டும் ஏறும் மலிவுக் கேபிளால் வீணாகும் நேரம் கொஞ்சமல்ல. ‘ஏடிபி டிவைசஸ்’ பட்டியலில் போன் தெரிந்து, ‘ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்’ வெறுமையாக வந்தால் அது டிரைவர் பிரச்சினை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்கும் ‘ஆண்ட்ராய்டு’ வரியில் டிரைவரைக் கையால் போட வேண்டும். டிரைவர் சரியாக இருந்தும் கட்டளை நடுவில் நின்றுபோனால் யுஎஸ்பி 3 துவாரத்தைச் சந்தேகியுங்கள். ரைசன் கணினிகளில் இது தெரிந்த தொல்லை. நடுவில் ஒரு யுஎஸ்பி 2 ஹப் போட்டால் தீர்ந்துவிடும்.

வேலூர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தாண்டும் பகலில், ஷீட் போட்ட அறையில் உட்கார்ந்து பழைய பேட்டரியுள்ள போனை ஃபிளாஷ் செய்ய (ரோம் எழுத) வேண்டாம். பின்மூடி லேசாக மேலெழும்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது, முதலில் அதை மாற்றுங்கள். உறையைக் கழற்றி, குறைந்தது 60 சதவீதம் சார்ஜோடு, காலையிலோ இரவிலோ தொடங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் மேசைக் கணினியை நம்பாமல் லேப்டாப்பை எடுங்கள். சைட்லோடு (கணினியிலிருந்து ரோமை அனுப்பி ஏற்றுவது) நடுவே கணினி அணைந்தாலும் போன் செத்துவிடாது. ரோமை ஏற்றவும் அழிக்கவும் உதவும் ரெக்கவரி தனிப் பகுதியில் இருப்பதால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். பூட்லோடர் ஃபர்ம்வேரை எழுதும்போது மின்சாரம் போனால்தான் உண்மையான ஆபத்து. அந்த வேலையை மேலே சொன்னபடி மியுஐயின் சொந்தப் புதுப்பிப்பே முடித்துவிடட்டும், நீங்கள் தொட வேண்டாம்.

ஏழு நாள் முடிந்ததும் வால்யூம் குறைப்பு, பவர் இரண்டையும் சேர்த்து அழுத்தி ஃபாஸ்ட்பூட்டுக்குப் போய் மி அன்லாக்கை முடியுங்கள். ‘ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் டிவைஸ்-இன்ஃபோ’ கொடுத்தால் திறந்திருப்பது தெரியும். முடிந்தால் இந்தக் கட்டத்தில் டிடபிள்யூஆர்பி ரெக்கவரியை ஒருமுறை ஏற்றி, ஈஎஃப்எஸ், பெர்சிஸ்ட் என்ற இரண்டு பகுதிகளையும் பேக்கப் எடுத்துக் கணினியில் போட்டு வையுங்கள். ஐஎம்இஐ எண்ணும் சென்சார் அளவீடுகளும் அவற்றில்தான் இருக்கின்றன. தொலைந்தால் தரவிறக்கிக்கொள்ள முடியாது.

பிறகு ‘ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ் ரெக்கவரி’ கட்டளையில் லினேஜ் ரெக்கவரியை எழுதுங்கள். எழுதி முடிந்ததும் போன் சாதாரணமாகத் தொடங்க இடம் கொடுக்கக் கூடாது. மியுஐ ஒருமுறை ஏறிவிட்டால் தன் ரெக்கவரியைத் திரும்ப எழுதிக்கொள்ளும், உங்கள் வேலை வீண். வால்யூம் ஏற்றத்தையும் பவரையும் அழுத்திப் பிடித்து நேராக ரெக்கவரிக்கே போங்கள். அங்கே ‘ஃபேக்டரி ரீசெட்’ பகுதியில் ‘ஃபார்மட் டேட்டா’. பழைய ரோம் டேட்டாவைத் தன் சாவியில் குறியாக்கம் செய்திருக்கிறது. அதை அழிக்காமல் புதிய ரோமை ஏற்றினால் லோகோவில் சுற்றிக்கொண்டே நிற்பதற்கு முதல் காரணம் அதுதான்.

‘அப்ளை அப்டேட்’, ‘அப்ளை ஃப்ரம் ஏடிபி’ தேர்ந்துகொண்டு கணினியில் ‘ஏடிபி சைட்லோடு’ என்று கோப்பின் பெயரைக் கொடுங்கள். திரையில் 47 சதவீதத்தில் நின்றுபோனது போலத் தெரியும். பதறிக் கேபிளைப் பிடுங்காதீர்கள். அது அப்படித்தான் முடியும். போன் திரையில் முடிந்ததாகச் செய்தி வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கூகுள் சேவைகள் வேண்டுமென்றால் முதல் பூட்டுக்கு முன்பே ஏற்ற வேண்டும். லினேஜில் அவை வராது. ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் போய் ரெக்கவரியையே மறுதொடக்கம் செய்து, ஆர்ம்64 சிப் வகைக்கும் அதே ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் பொருந்தும் மைண்ட்தகேப்ஸ் என்ற கூகுள் தொகுப்பைச் சைட்லோடு செய்யுங்கள். கையொப்பம் சரிபார்க்க முடியவில்லை என்று கேட்கும், ஆம் என்று தொடரலாம். ரோம் கோப்புக்கு அதே கேள்வி வந்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள். முதல் தொடக்கம் கால் மணி நேரம் வரை எடுக்கும், போன் சூடாகும். அதற்கு மேல் லோகோவிலேயே நின்றால் ரெக்கவரிக்குப் போய் மறுபடி ஃபார்மட் செய்து ஏற்றுங்கள்.

தொடங்கியதும் *#06# அடித்து இரண்டு ஐஎம்இஐயும் வருகின்றனவா பாருங்கள். அடுத்து அழைப்பு. ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. வோல்டிஇ (4ஜி வழி அழைப்பு) பதிவாகாவிட்டால் இணையம் ஓடும், அழைப்பு போகாது. *#*#4636#*#* அடித்தால் வரும் பக்கத்தில் ஐஎம்எஸ் (அந்த அழைப்புக்கான சேவை) பதிவாகியிருக்கிறதா என்று தெரியும். இல்லையென்றால் ஏபிஎன் (இணைய இணைப்பு அமைப்பு) ‘ஜியோநெட்’ ஆக இருக்கிறதா பார்த்து, சிம் அமைப்பில் 4ஜி அழைப்பை அணைத்து இயக்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் மோடம் ஃபர்ம்வேர் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

யுபிஐயைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறோம். பூட்லோடர் திறந்த போன் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனையில் முழுதாகத் தேறாது. சில வங்கிச் செயலிகள் திறக்கும், சில திறக்காது, இன்று திறப்பது நாளைய புதுப்பிப்பில் மறுக்கலாம். டெவலப்பர் ஆப்ஷன்ஸை அணைத்தாலே சில திறந்துவிடும், அதை முதலில் செய்யுங்கள். ரூட் செய்து (போனின் முழுக் கட்டுப்பாட்டை எடுத்து) ஏமாற்றும் வழிகள் உண்டு, நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பாதுகாப்புக்காக ரோம் மாற்றிவிட்டு ரூட்டால் அதே பாதுகாப்பை உடைப்பதில் பொருளில்லை. ஆற்காட்டில் மக்கன்பேடா கடை நடத்துகிறவருக்குக் கடை வரவெல்லாம் ஒரே போனில் வந்து விழுகிறது என்றால் அந்தப் போனைத் தொடவே கூடாது. இரண்டாவது போனில் செய்து, வங்கிச் செயலி ஓடுகிறதா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிவுசெய்யும் வேலையைப் புதிதாகச் செய்ய வேண்டும். முதல் 24 மணி நேரத்துக்குத் தொகை வரம்பு இருக்கலாம் என்பதால் வாடகை, கல்விக் கட்டணம் கட்டும் நாளில் மாற்ற வேண்டாம்.

பிடிக்காமல் மியுஐக்கே திரும்புகிறவர்கள் மி ஃபிளாஷ் கருவியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீழே வலப்பக்கம் ‘கிளீன் ஆல் அண்ட் லாக்’ தானாகவே தேர்வாகியிருக்கும். அதை ‘கிளீன் ஆல்’ என்று மாற்றிவிட்டு ஓட்டுங்கள். மியுஐ முழுதாக ஏறி, அழைப்பும் கேமராவும் ஓடுவதைப் பார்த்த பிறகே பூட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். வேறு நாட்டு மாடலின் ரோம் மேலோ, லினேஜ் இருக்கும்போதோ பூட்லோடரைப் பூட்டினால் போன் எழும்பாது. வேறு ஷாவ்மி மாடல் வைத்திருப்பவர்கள் பழைய மியுஐக்கு இறங்கும் முன் ‘ஃபாஸ்ட்பூட் கெட்வார் ஆன்டி’ கொடுத்து, பழைய பதிப்புக்கு இறங்குவதைத் தடுக்கும் எண்ணைப் பாருங்கள். போனில் இருக்கும் எண்ணைவிடக் குறைந்த எண் கொண்ட ரோமை ஏற்றினால், ரெட்மி நோட் 5 ப்ரோவில் நடந்தது போல, போன் 9008 என்ற, திரை எழும்பாத அவசர நிலைக்குப் போய் நிற்கும்.

லினேஜிலேயே இருப்பவர்களுக்கு வாரம் ஒரு புதுப்பிப்பு வரும். அமைப்புகளில் உள்ள அப்டேட்டரே இறக்கி ஏற்றிவிடும், கூகுள் சேவைகளும் அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டு பதிப்பே மாறும்போது மட்டும் கையால் சைட்லோடு செய்து, கூகுள் தொகுப்பின் புதிய பதிப்பையும் போனைத் தொடங்கும் முன்பே ஏற்ற வேண்டும்.