வீட்டை மனைவி பெயருக்கு மாற்றுமுன்

கனடாவின் ஸ்காபரோவில் வீடு வாங்கி முடித்ததும் எங்களவர்கள் சட்டத்தரணியிடம் கேட்கும் முதல் கேள்வி, "உறுதி எங்கே?" என்பதுதான். ஊரில் நொத்தாரிசு எழுதிய உறுதிப் பத்திரத்தை அலுமாரியில் பூட்டி வைத்துப் பழகியவர்களிடம் இரண்டு தாளை நீட்டினால் மனம் ஆறாது. அதில் இருப்பது காணிக்குரிய ஒன்பது இலக்க எண், பதிவெண், பெயர்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் உரிமை மாற்றம் டெராவியூ என்ற கணினி அமைப்பில் நடக்கிறது. இரு பக்கச் சட்டத்தரணிகளும் மின் கையொப்பம் இட்டு, பணம் சட்டத்தரணியின் ட்ரஸ்ட் கணக்குக்கு வந்தபின் பதிவாகும். அந்தத் தாள் தொலைந்தாலும் வீடு போகாது.

குளோசிங் அன்று, அதாவது வீடு கைமாறும் நாளில், கை கடிக்கும் செலவு நில மாற்று வரி. ரொறன்ரோ நகருக்குள் 8 லட்சம் டொலர் வீட்டுக்கு மாகாணத்துக்கு 12,475, நகரத்துக்கு அதே 12,475. முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவாளருக்கும் மாகாணம் 4,000 வரையும் நகரம் 4,475 வரையும் கழித்துவிடும். ஆனால் "முதல் வீடு" என்பது உலகத்தில் எங்குமே வீடு இருந்திருக்கக் கூடாது என்பது. யாழ்ப்பாணத்தில் சீதனமாக எழுதிய வீடும் கணக்கில் வரும். அதை மறைத்துக் கையெழுத்து வைக்கவே கூடாது.

வியாபாரம், வங்குரோத்து, வீடு காணி என்பவை பெரிய சட்ட நிறுவனங்களில் வேறு வேறு ஆட்களின் வேலை. பிளாசா மாடியிலுள்ள சிறிய தமிழ் அலுவலகத்தில் மூன்றும் ஒரே மேசைக்கு வரும். கடைக்குக் கடன் எடுத்தது வீட்டை ஈடு வைத்துத்தானே. கடை படுத்தால் வீடும் ஆடும். இலங்கையில் சட்டம் படித்து வந்தவர் இந்தத் தொழிலுக்குள் வர, முதலில் என்சிஏ எனும் குழுவிடம் பட்டத்தை மதிப்பிடுவிக்க வேண்டும். அரசியலமைப்பு, நிர்வாகம், குற்றவியல், சட்ட அடிப்படைகள், தொழில் ஒழுக்கம் என்ற ஐந்து கனடியப் பாடங்கள் எப்படியும் வரும். பிறகு ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் அனுமதி. வங்குரோத்துச் சட்டம் அந்த ஐந்தில் இல்லை. அதனால் பயிலும் காலத்தை வீட்டு விற்பனைக் கோப்புகள் மட்டும் ஓடும் இடத்தில் கழிக்காமல், கடன் கோப்புகளும் வரும் இடத்தில் கழிப்பதே நல்லது.

ஏனென்றால் எங்களவர்கள் அதிகம் இழப்பது கடன் விஷயத்தில்தான். கடை நட்டத்தில் போனதும் முதலில் தோன்றுகிற யோசனை, வீட்டை மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ மாற்றிவிடுவது. அடுத்தது, வங்கிக் கடனை விட்டுவிட்டு மச்சானின் சீட்டுக் காசை முதலில் கொடுத்துவிடுவது. இரண்டிலும் மானமும் பாசமும் இருக்கின்றன. சட்டம் வேறு கணக்குப் பார்க்கிறது. உறவினருக்கு மதிப்பைவிடக் குறைத்து மாற்றிய சொத்தை, வங்குரோத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் என்றால் வங்குரோத்தை நடத்தும் ட்ரஸ்டி நேரடியாகவே எதிர்த்து வழக்கு வைக்கலாம். கடனில் மூழ்கியிருந்தபோது மாற்றியதென்றால் ஐந்தாண்டு வரை பின்னோக்கிப் போகலாம். உறவினருக்கு முந்திக் கொடுத்த காசுக்கு 12 மாதம். மச்சானிடமிருந்தே அதைத் திருப்பி வாங்கலாம்.

வங்குரோத்தைத் தாக்கல் செய்பவர் சட்டத்தரணி அல்ல, உரிமம் பெற்ற ட்ரஸ்டி. அவர் கடன் பட்டவருக்கு மட்டும் ஆள் அல்ல. கடன் கொடுத்தவர்களின் நலனையும் பார்க்க வேண்டியவர். உங்கள் பக்கம் மட்டும் நின்று கேட்பவர் சட்டத்தரணி. ஆகவே வீட்டில் கை வைக்குமுன் அவரிடம் போக வேண்டும். பல வேளை வங்குரோத்தே தேவைப்படாது. குடியிருக்கும் வீட்டின் ஈட்டுக் கடனைச் சேர்க்காமல் 2,50,000 டொலருக்குள் கடன் என்றால், ட்ரஸ்டி மூலம் ஒரு பகுதியை ஐந்தாண்டு வரை தவணையில் கட்டும் முன்மொழிவு வைக்கலாம். வீட்டுத் தவணை ஒழுங்காகக் கட்டினால் பெரும்பாலும் வீடு நிற்கும். ஆனால் கூடக் கையெழுத்து வைத்தவரின் பொறுப்பு இதனால் தீராது.

அந்தக் கையெழுத்துதான் தனியாகச் சொல்ல வேண்டியது. கணவனின் கடைக் கடனுக்கு மனைவி பொறுப்பு நிற்கும்போது, அவருக்குத் தனியான சட்ட ஆலோசனை கிடைத்ததா என்று கடன் கொடுப்பவர்கள் அத்தாட்சி கேட்பார்கள். நல்ல சட்டத்தரணி கணவனை வெளியே இருத்திவிட்டு, அவரையே மொழிபெயர்ப்பாளராக வைக்காமல், "கடை மூடினால் இந்த வீட்டை வங்கி எடுக்கலாம், விளங்குதா?" என்று மனைவியிடம் தமிழிலேயே கேட்பார். அந்தக் கேள்வியில் கையெழுத்து வைக்காமல் எழுந்து போகிறவரும் உண்டு. அதற்கு அவருக்கு முழு உரிமையும் உண்டு.

முதல் சந்திப்புக்கு வங்கிக் கூற்றுகள், கடன் அட்டைக் கணக்குகள், கடை வாடகை ஒப்பந்தம், கடந்த ஐந்தாண்டில் யார் பெயருக்கு எது மாறியது என்ற விபரம் எல்லாம் வேண்டும். சீட்டுக் கொப்பியையும் கொண்டுபோங்கள். வாய்ப் பேச்சில் வாங்கியதும் கடன்தான்.