ப்ளூ டிக்கும் அரை கிலோ உளுந்தும்

நாங்கள் காதலித்த காலத்தில் சண்டைக்குக்கூட ஒரு அளவு இருந்தது. 2011 செப்டம்பர் கடைசியில், விளம்பரத் தொல்லையை ஒழிக்கிறேன் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான் என்று போட்டுவிட்டது. என் நூறு மதியத்துக்குள் காலி. அதில் 'ம்', 'ம்ம்' மட்டுமே நாற்பது இருக்கும். ஒரு நாள் "உனக்கு என்னைவிட" என்று அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. மீதி வரவில்லை, அது அவளுடைய நூறாவது. என்னைவிட யார் என்று தெரியாமல் ராத்திரி பன்னிரண்டு வரை முழித்திருந்தேன். 12.01-க்கு வந்தது: "கிரிக்கெட்தான் முக்கியம்". நவம்பரில் 200 ஆக்கினார்கள். கூடுதலாகக் கிடைத்த நூறும் சண்டைக்கே போனது.

இப்போது அவள்தான் வீட்டம்மா. மெசேஜுக்கு அளவே கிடையாது. வருவதெல்லாம் "உளுந்து அரை கிலோ, கறிவேப்பிலை, மறக்காம".

அதனால்தான் வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக்கை அணைத்து வைத்தேன். படித்தாலும் அவளுக்குச் சாம்பல் டிக்தான் தெரியும். நான் அனுப்புவதை அவள் பார்த்தாளா என்பதும் எனக்குத் தெரியாது. போகட்டும், நான் அனுப்புவது "சரி" மட்டும்தானே. ஆறு மாதம் "போனையே பார்க்கலம்மா" என்ற ஒரே வரியில் ஓட்டினேன்.

போன மாதம் 'நம்ம வீடு' என்று ஒரு குரூப் ஆரம்பித்தாள். உறுப்பினர் நாங்கள் இருவர் மட்டும். "சாமான் லிஸ்ட் தனியா இருக்கட்டுமேங்க" என்றாள். பாசம் என்று நினைத்தேன்.

போன வியாழக்கிழமை சிம்மக்கல்லில் டீ குடித்துக்கொண்டே லிஸ்ட்டைப் படித்துவிட்டு, கைவீசிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன்.

"உளுந்து எங்கங்க?"

"மெசேஜ் போட்டியா? போனையே பார்க்கலம்மா."

அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து, தகவலைத் திறந்து, போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். நான் படித்தது 5.42. ப்ளூ டிக்கை அணைத்து வைத்தது குரூப்பில் செல்லாதாம். இது எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பாதி வழியில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. கேட்டுவிட்டால் மைக் படம் நீலமாகும், அதையும் அணைக்க முடியாது என்பதை இந்தத் தடவை விசாரித்து வைத்திருந்தேன். திட்டாகத்தான் இருக்கும், எதற்கு வம்பு என்று கேட்கவில்லை. சமாதானத்துக்காக அரைக் கிலோவுக்குப் பதில் இரண்டு கிலோ உளுந்து வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

கதவைத் திறந்தவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வாய்ஸ் கேட்கலையா? பக்கத்து வீட்டு அக்கா உளுந்து குடுத்துட்டாங்க, வெந்தயம் மட்டும் போதும்னு சொன்னேனே."

இந்தத் தடவை நிஜமாகவே கேட்கவில்லை. அதை நம்பத்தான் வீட்டில் ஆளில்லை.