இலக்கு எழுதும் முன் படகு எப்போது கரையில் நிற்கும் என்று பாருங்கள்

"மீனவக் கிராமத்தில் ரத்தக்கொதிப்பு குறித்து விழிப்புணர்வு ஏற்படுத்துதல்." திட்ட அறிக்கைகளில் குறிக்கோள் என்று பெரும்பாலும் இதைத்தான் எழுதி வைக்கிறார்கள். நடந்ததா இல்லையா என்று வருஷக் கடைசியில் யாரும் கேட்க முடியாது. முகாம் போட்டோவை ஒட்டி அனுப்பிவிடலாம், வசதிதான்!

பொது இலக்குக்கு ஒரு வரி போதும்: தங்கச்சிமடத்தில் பக்கவாதம் குறைய வேண்டும். அதற்குக் கீழே வரும் குறிக்கோளில்தான் யாருக்கு, எது, எவ்வளவிலிருந்து எவ்வளவு, எப்போதைக்குள் என்பதெல்லாம் இருக்கணும். ஒரு தெருவில் பிரஷர்காரர்கள் 120 பேர், அதில் 140/90-க்குக் கீழே இருப்பவர்கள் 36 பேர் என்று வைத்துக்கொள்வோம். 'அடுத்த மே மாதத்துக்குள் 60 பேர்' என்று எழுதினால், இன்னும் 24 பேரைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவரணும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கியும் போடாதவர்கள் யார் என்று பெயர் எழுதி அங்கிருந்து தொடங்கலாம்.

ஏன் மே? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம், ஆம்பளைகள் வீட்டில் இருப்பார்கள். முதல் கணக்கை மே மாதத்தில் எடுத்துவிட்டு மறுகணக்கை நவம்பரில் எடுத்தால், கடலுக்குப் போனவர்கள் விடுபட்டு, வீட்டில் இருக்கும் பெண்களும் பெரியவர்களும்தான் சிக்குவார்கள். ஆளே மாறிவிட்ட பிறகு சதவீதம் ஏறினாலும் இறங்கினாலும் அர்த்தமில்லை. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது என்பதால் வள்ளக்காரர்களை ஞாயிறு பூசை முடிந்து பிடிப்பது நல்லது. மறுமுறை கிடைக்காதவரையும் 120-லிருந்து கழிக்கக் கூடாது.

அளக்கும் விதமும் இரண்டு தடவையும் ஒன்றாக இருக்கணும். டீ, பீடி முடிந்து அரை மணி நேரம் போகட்டும். ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள்.

உப்புக்கு 'குறைத்துச் சாப்பிடச் சொல்லுதல்' என்று எழுதாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு பெரியவருக்கு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு. ஐந்து பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 40 நாளாவது வரணும். கருவாடு, ஊறுகாய் இருந்தால் அதிலேயே உப்பு இருப்பதால், பாக்கெட் இன்னும் கூடுதல் நாள் வரணும். பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதச் சொன்னால் போதும், கணக்கு கிடைத்துவிடும். கருவாடு போடும் கல் உப்பை மட்டும் தனியாகக் கேளுங்கள். அதையும் சமையல் உப்போடு சேர்த்தால், மீன் அதிகம் பட்ட மாதமெல்லாம் திட்டம் தோற்ற மாதிரி தெரியும்.