முன் கண்ணாடியைக் கழற்றியாயிற்று

காரின் முன் கண்ணாடிக்கு மேல் ஓரத்தில் பெயிண்ட் கொப்பளித்து, மழை நாளில் உள்ளே தரைவிரிப்பு நனைய ஆரம்பித்தது. கண்ணாடிக்கு அடியில் துரு ஓடியிருக்கிறது என்பது புரிந்துவிட்டது. அதைச் சுரண்ட வேண்டுமென்றால் கண்ணாடி வெளியே வந்தாக வேண்டும். ஒரு கீறல்கூட இல்லாத கண்ணாடி, ஆகவே அதையே திரும்பப் பொருத்துவது என்று முடிவு.

பழைய வண்டிகளில் ரப்பர் பீடிங்கை நெம்பினால் கண்ணாடி கையோடு வந்துவிடும். இது யூரித்தேன் பசையால் காரின் உடல் தகட்டோடு ஒட்டியது. சூடு காட்டினால் இளகிவிடும் என்று சொல்வார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. இறுகிய யூரித்தேன் மெழுகு போல உருகாது, ஒரே இடத்தில் சூடு ஏறினால் கண்ணாடிதான் விரிசல் விடும். பசையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சிறிது நேரம் விட்டேன். கண்ணாடியின் இரு பக்கத் தூண்களுக்குள் ஏர்பேக் இருப்பதால் இதில் அவசரம் கூடாது. அப்புறம் வைப்பர் கைகள், அவற்றுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடி, உள்ளே இருந்து பின்னால் பார்க்கும் கண்ணாடி, தூண் உறைகள் எல்லாம் கழன்றன. டேஷ்போர்டின் மேல் கனமான போர்வை. கண்ணாடியைச் சுற்றி பெயிண்ட் தெரியும் இடமெல்லாம் இரண்டு அடுக்கு டேப்.

அறுப்பதற்கு முறுக்கிய எஃகுக் கம்பியும் இரண்டு கைப்பிடிகளும். மூலையில் நீளமான ஊசியால் பசையைக் குத்தித் துளைத்து, கம்பியை உள்ளே விட்டோம். உள்ளே நான், வெளியே தம்பி. சின்னச் சின்னதாக வேகமாக இழுத்தால் கம்பியின் ஒரே பகுதி சூடாகி அறுந்துபோகும். நீளமாக, நிதானமாக, மாறி மாறி இழுக்க வேண்டும்; நடுநடுவே சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குக் கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

இந்த வேலையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: கம்பி கண்ணாடியை உரசிக்கொண்டு போகட்டும், தகட்டைத் தொடக் கூடாது. கண்ணாடியின் உள்முகம் கம்பியைத் தாங்கும், பெயிண்ட் தாங்காது. வெளியே இருப்பவர் கூரைப் பக்கம் சாய்த்து இழுத்தால் விளிம்பில் பெயிண்ட் போய்விடும். கண்ணாடியின் தளத்திலேயே கை இருக்க வேண்டும். மேல்பகுதியிலும் பக்கவாட்டிலும் கம்பி சுலபமாக நகர்ந்தது. கீழ்ப்பகுதிதான் பொறுமையைச் சோதித்தது: பசை தடிமன், டேஷ்போர்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே கை நுழையவே இடமில்லை. உள் முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்து மட்டும் இழுத்து முடித்தோம்.

தூக்குவதற்கு முன் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு விரல்கடை பசை ஒட்டியிருந்தாலும் அங்கிருந்து விரிசல் கிளம்பும். இரண்டு அடுக்குக் கண்ணாடி என்றாலும் அதன் விளிம்பு பலவீனமானது. உறிஞ்சு பிடிகளைப் போட்டு, உள்ளிருந்து உள்ளங்கையால் மெதுவாகத் தள்ள, முழுசாக வந்தது.

அடியில் பார்த்தபோது துருவின் காரணமும் தெரிந்தது. பசைக்கு அடியில் தகட்டில் நேராக ஒரு கத்திக் கோடு. அதன் இரு பக்கமும் துரு படர்ந்திருந்தது. முன்பு எப்போதோ கண்ணாடி மாற்றியவர்கள் கீறிவிட்டு, பிரைமர் என்ற அடிப்பூச்சைத் தொடாமலே ஒட்டியிருக்கிறார்கள்.

நல்ல இடங்களில் பழைய பசையை 1 முதல் 2 மி.மீ. விட்டுச் சீவினேன், புதிய யூரித்தேன் அதன்மேல் நன்றாகப் பிடிக்கும். துருப்பிடித்த இடங்களை மட்டும் வெறும் உலோகம் வரை தேய்த்து எபாக்சி பிரைமர் அடித்திருக்கிறேன். பெயிண்ட் முழுதாக இறுகிய பிறகுதான் ஒட்டுவது. பயணி பக்க ஏர்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடியில்தான் முட்டி நிற்கும். ஆகவே சிலிக்கான் போன்ற மாற்று எதுவும் கிடையாது. கார் கண்ணாடிக்கென்றே உள்ள யூரித்தேன்தான். டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நேரம் முடியும்வரை வண்டி நகராது.

இப்போது பிரைமர் காய்கிறது. அடுத்து பெயிண்ட்.