நெப்ராஸ்காவின் 9 தோல்விகள்
அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நெப்ராஸ்கா அணியின் 2021ஆம் ஆண்டுப் பருவத்தை நினைத்தால் மனம் இன்னும் ஆறவில்லை. 12 ஆட்டங்களில் 3இல் மட்டுமே வென்ற அந்த அணி, தோற்ற 9 ஆட்டங்களில் எதிலும் 9 புள்ளிகளுக்கு மேல் பின்தங்கி முடிக்கவில்லை. கரைக்கு மிக அருகே வந்து வந்து மூழ்கியது.

பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட், 1997இல் இதே அணியின் குவாட்டர்பேக்காக (தாக்குதலை வழிநடத்தும் வீரராக) நின்று தேசியப் பட்டத்தைப் பெற்றுத் தந்தவர் என்பதால், 1962 முதல் லிங்கன் நகர அரங்கை நிறைத்துவரும் ரசிகர்கள் அவர்மீது அளவற்ற நம்பிக்கை வைத்திருந்தார்கள். 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்ன் அணியிடம் 45-42 எனத் தோற்ற மறுநாளே அவர் நீக்கப்பட்டார். அக்டோபர் வரை பொறுத்திருந்தால் அவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டுத் தொகை பாதியாகக் குறைந்திருக்கும். ஆனாலும் காத்திராதது நியாயமே என்பேன், ஏனெனில் அந்த வாரங்களை இழந்திருக்கக்கூடியவர்கள் களத்தில் நின்ற மாணவர்கள். அடுத்து வந்த பயிற்சியாளர் மாட் ரூலின் கீழ் 2024இல்தான், 2016க்குப் பின் முதன்முறையாக, தோல்விகளைவிட வெற்றிகள் மிகுந்தன.