டிரம்ஸ்காரன் காதில் ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’

‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படம் என்றதும் எல்லோருக்கும் வெள்ளை கோட்டு போட்ட ஜான் டிரவோல்டா கையை மேலே நீட்டி நிற்பதுதான் ஞாபகம் வரும். அடுத்தது பீ ஜீஸ் சகோதரர்களின் அந்த உச்சக் குரல். எனக்கு அந்தப் படப் பாட்டுகளின் ஆல்பம் முழுக்க டிரம்ஸ்தான். நான் மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸும் ரிதம் பேடும் வாசிக்கிறவன். கல்யாண ரிசப்ஷன், கோயில் கொடை, காதுகுத்து என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். ஒரு பாட்டு பிடித்திருக்கிறது என்றால் அதை நான் காலிலிருந்துதான் சொல்லத் தொடங்குவேன். காலால் அடிக்கிற பெரிய டிரம்மான கிக் எங்கே விழுகிறது, கால் மிதியால் திறந்து மூடுகிற ஜோடித் தாளத்தட்டான ஹைஹாட் எங்கே திறக்கிறது, அப்புறம்தான் குரல், மெட்டு எல்லாம்.

எங்கள் ஆட்களுக்கு டிஸ்கோ என்பது ஒரு பேட்டர்னின் பெயர். மேடையில் கீபோர்டு அண்ணன் திரும்பி “தம்பி, டிஸ்கோ போடு” என்றால் போதும். நான்கு எண்ணிக்கைக்கும் கிக், இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர் என்கிற சின்ன டிரம், இரண்டு கிக்குக்கு நடுவில் ஹைஹாட் திறந்து ‘த்ஸ்’ என்று மூடும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த ‘த்ஸ்’ கொஞ்சம் முந்தினாலும் ஆடுகிறவன் கால் தடுமாறும், கொஞ்சம் பிந்தினால் பாட்டே களைத்துப்போகும். நான் வாசிக்க ஆரம்பித்த புதிதில் அதே அண்ணன்தான் இந்த ஆல்பத்தின் கேசட்டைக் கையில் கொடுத்து, “வேற எதையும் கேக்காத, ஹைஹாட்டை மட்டும் கேளு” என்றார். அப்படிக் கேட்கத் தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை.

ஆல்பம் 1977 நவம்பரில் வந்தது, படம் டிசம்பரில். இரண்டு இசைத்தட்டு, 17 டிராக். 1978இல் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் தொடர்ந்து 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியும் கிடைத்தது. இத்தனைக்கும் பீ ஜீஸ் சகோதரர்கள் கதை வசனத்தைப் படிக்காமலேயே எழுதிய பாட்டுகள்தான் இதன் முதுகெலும்பு. பாரிஸுக்கு வெளியே பழைய மாளிகை ஒன்றுக்குள் ஸ்டூடியோ இருந்தது. எல்டன் ஜான் ‘ஹாங்கி ஷாட்டோ’ ஆல்பத்தைப் பதிவு செய்த அதே இடம். அங்கே தங்கி ஒரு லைவ் ஆல்பத்துக்கு மிக்சிங் பார்த்துக்கொண்டிருந்தவர்களை, தயாரிப்பாளர் ராபர்ட் ஸ்டிக்வுட் போனில் அழைத்துப் படத்துக்குப் பாட்டு வேண்டும் என்றார். இவர்கள் கையிலிருந்ததையும் புதிதாக எழுதியதையும் கொடுத்தார்கள்.

அதில் ‘ஸ்டேயிங் அலைவ்’ பிறந்த விதம் இருக்கிறதே, அதை ஒவ்வொரு டிரம்ஸ்காரனும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பீ ஜீஸின் டிரம்மர் டென்னிஸ் பிரையன் குடும்பத்தில் உடல்நிலை சரியில்லை என்று நடுவிலேயே ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார். வேறு டிரம்மரைப் பிடிக்க முடியவில்லை. அங்கே ஒரு ரிதம் மெஷின் கிடந்தது, போட்டுப் பார்த்தால் உயிரே இல்லை. இணைத் தயாரிப்பாளர்களான ஆல்பி கலூட்டனும் கார்ல் ரிச்சர்ட்சனும் ஒரு வேலை செய்தார்கள். ஏற்கெனவே பதிவு செய்திருந்த ‘நைட் ஃபீவர்’ பாட்டின் டிரம்ஸிலிருந்து நன்றாக உட்கார்ந்த இரண்டு பாரை, அதாவது நான்கு எண்ணிக்கை கொண்ட இரண்டு தாளச் சுற்றை மட்டும் பிரதி எடுத்து, அந்த டேப்பின் இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கினார்கள். டேப் நீளமாக இருந்ததால் அது மெஷினை விட்டு வெளியே வந்து மைக் ஸ்டாண்டைச் சுற்றிவிட்டு மறுபடி மெஷினுக்குள் போகும்படி அமைத்தார்கள். அது சுற்றச் சுற்ற அந்த இரண்டு பார் திரும்பத் திரும்ப ஓடியது. அதற்கு மேல்தான் கிடார், பேஸ், குரல் எல்லாம் ஏறின.

டிரம்மர் திரும்பி வரும்வரைக்கும் என்று செய்த ஏற்பாடுதான் அது. கேட்டுப் பார்த்தவர்களுக்கு அதை எடுக்க மனம் வரவில்லை, அப்படியே வைத்துவிட்டார்கள். டிரம்ஸ் வாசித்தவர் பெயர் என்று பெர்னார்ட் லூப் என்ற ஒருவரைப் போட்டார்கள். அப்படி ஓர் ஆளே கிடையாது, லூப் என்றால் வளையம், அந்த டேப் வளையத்துக்கு வைத்த பெயர் அது. அதே வளையம் இதே ஆல்பத்தில் ‘மோர் தன் எ உமன்’ பாட்டிலும் இருக்கிறது. 1980இல் பார்பரா ஸ்டிரைசாண்ட் பாடிய ‘உமன் இன் லவ்’ பாட்டிலும் அதுதான் ஓடுகிறது. ஒரு மனிதன் சில நொடிகள் வாசித்தது மூன்று பெரிய பாட்டுகளைத் தாங்கி நிற்கிறது.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், அது மனிதன் வாசித்த தாளம். மெஷின் தாளம் இல்லை. அந்த இரண்டு பாருக்குள் ஒரு சின்ன ஏற்ற இறக்கம் இருக்கிறது, ஸ்நேர் அடியில் மணிக்கட்டின் கனம் தெரிகிறது. அது மாறாமல் திரும்பத் திரும்ப வரும்போது மனிதனின் சுகமும் இயந்திரத்தின் பிடிவாதமும் ஒன்றாகக் கேட்கிறது. இன்றைக்கு லேப்டாப்பில் லூப் போட்டு வாசிக்கிற தம்பிகளிடம் இதைத்தான் சொல்வேன். லூப் போடுவது தப்பே இல்லை. எந்த இரண்டு பாரைப் பொறுக்குகிறோம் என்பதில்தான் கலை இருக்கிறது.

படத்தின் தொடக்கத்தில் ‘ஸ்டேயிங் அலைவ்’ பாட்டுக்குத்தான் டிரவோல்டா நடித்த டோனி மனேரோ கையில் பெயிண்ட் டப்பாவுடன் புரூக்ளின் தெருவில் நடந்து வருவான். தலைக்கு மேலே ரயில் பாலம். செருப்புக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே வைத்திருக்கும் ஷூவுக்கு நேராகத் தன் காலைத் தூக்கி வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பான். பகலில் பெயிண்ட் கடைச் சம்பளக்காரன், சனிக்கிழமை ராத்திரி மட்டும் ராஜா. அந்த நடைக்கு வேறு எந்த வேகமும் பொருந்தாது. நிமிடத்துக்குச் சுமார் 103 அடி. நடக்கிறவனுக்குத் துள்ளலாகவும் இருக்கும், திமிராகவும் இருக்கும்.

இதே வேகம் இன்னொரு விஷயத்துக்கும் உதவுகிறது. இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்தும் முதலுதவியில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். அந்தக் கணக்கு கைக்குப் பிடிபட இந்தப் பாட்டை மனசுக்குள் ஓடவிடச் சொல்லிக் கற்றுக்கொடுக்கிறார்கள். எங்கள் பகுதியில் நடந்த முதலுதவி வகுப்பில் நானும் பொம்மையின் நெஞ்சில் அழுத்திப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் பதற்றத்தில் வேகம் பிடித்து ஓடினார்கள். எனக்கு அந்த டேப் வளையம் காதுக்குள் ஓடியது, கை தானாக நிதானத்துக்கு வந்தது. வரிகளிலும் உதவி கேட்கிற ஒரு குரல் இருக்கிறது. வாழ்க்கை எங்கேயும் நகரவில்லை, யாராவது கைகொடுங்கள் என்று கெஞ்சுகிற பாட்டு அது. ஆட்டத்துக்கு நடுவில் பலர் அதைக் கவனிப்பதில்லை.

‘நைட் ஃபீவர்’ அமெரிக்கப் பட்டியலில் 8 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. அதன் தொடக்கத்தில் வரும் ஸ்ட்ரிங்ஸ் எனக்குப் பிடிக்கும், மற்றபடி அதன் டிரம்ஸ் பெற்ற பிள்ளைகள் அதைவிட நன்றாக வளர்ந்துவிட்டார்கள் என்பதே என் எண்ணம்.

‘மோர் தன் எ உமன்’ ஆல்பத்தில் இரண்டு தடவை வருகிறது. ஒன்று பீ ஜீஸ், இன்னொன்று தவாரெஸ் சகோதரர்கள். பெரும்பாலானவர்கள் முதலாவதோடு நிறுத்திக்கொள்வார்கள், நடனப் போட்டிக் காட்சியில் அதுதான் ஒலிக்கிறது என்பதால். நான் தவாரெஸ் பக்கம். அவர்கள் பாடும்போது குரல் தரையில் கால் ஊன்றி நிற்கிறது. பெண்ணைப் பார்த்து நேராகச் சொல்கிற மாதிரி இருக்கிறது. பீ ஜீஸ் பாடினால் அது மிதக்கும். மிதப்பதும் அழகுதான். ஆனால் காதலைச் சொல்கிறவன் காலூன்றி நின்று சொல்ல வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான்.

பாட்டை யார் பாட வேண்டும் என்பதில் ஸ்டிக்வுட்டுக்கு நல்ல காது இருந்தது. ‘ஹவ் டீப் இஸ் யுவர் லவ்’ முதலில் பாடகி இவான் எலிமன் பாடுவதாக இருந்த பாட்டு. அதை நீங்களே பாடுங்கள் என்று பீ ஜீஸிடம் பிடிவாதமாகச் சொன்னது அவர்தான். எலிமனுக்கு ‘இஃப் ஐ காண்ட் ஹேவ் யூ’ போனது. இரண்டுமே முதலிடத்துக்கு வந்தன. எலிமன் பாட்டை நான் சோகப் பாட்டாகவே கேட்கிறேன். நீ கிடைக்காவிட்டால் எனக்கு யாருமே வேண்டாம் என்று அந்தப் பெண் உருகுகிறாள், கீழே தாளம் ஒரு சொட்டுக்கூட இரக்கம் காட்டாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அழுகிறவளையும் ஆடவைக்கிற தாளம். அதை வாசிக்கிறவனுக்கு ரொம்பக் கட்டுப்பாடு வேண்டும், உணர்ச்சிவசப்பட்டு ஃபில் என்கிற அலங்கார அடிகளைப் போட்டால் பாட்டு கெட்டுவிடும்.

‘ஜைவ் டாக்கிங்’ 1975இலேயே வந்த பழைய பாட்டு. மயாமியில் ஸ்டூடியோவுக்குக் காரில் போகும்போது ஜூலியா டட்டில் பாலத்தின் இணைப்புகள் மேல் டயர் ஏறி இறங்கிய ‘சக்க சக்க’ சத்தம்தான் பீ ஜீஸ் சகோதரர்களில் ஒருவரான பேரி கிப்புக்கு அந்தத் தாளத்தைக் கொடுத்தது. எங்கள் வேனில் ராத்திரிப் பயணம் போகிற எந்த வாத்தியக்காரனுக்கும் இது ஆச்சரியமாக இருக்காது, எங்கள் காதிலும் அந்தச் சத்தம் தாளமாகத்தான் விழும். ‘யூ ஷுட் பி டான்சிங்’ பாட்டுக்குத்தான் டோனி தனியாக ஆடுவான், மற்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டு நிற்பார்கள். அதில் பெர்கஷன் வாசித்தவர்களில் ராக் உலகத்தின் ஸ்டீஃபன் ஸ்டில்ஸும் ஒருவர். நடுவில் குரல் நின்று தாளக் கருவிகள் மட்டும் வருகிற இடத்தில் ஒலியைக் கூட்டிவையுங்கள்.

மேற்கத்தியச் செவ்வியல் இசையமைப்பாளர்களான பீத்தோவனையும் முசோர்க்ஸ்கியையும் டிஸ்கோவாக்கிய டிராக்குகள் இரண்டு உண்டு. வால்டர் மர்ஃபி செய்த பீத்தோவன் கேட்க நன்றாகவே இருக்கிறது. மற்றது படக் காட்சிக்குப் போதும்.

இப்போது இரண்டாவது இசைத்தட்டின் பின்பக்கமான நான்காம் பக்கத்தின் கடைசிக்கு வருகிறேன். ‘டிஸ்கோ இன்ஃபெர்னோ’, பாடியது டிராம்ப்ஸ் குழு. கிட்டத்தட்ட 11 நிமிடம். எரிகிற கட்டடத்தைப் பற்றிய ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’ படத்திலிருந்து பிறந்த கற்பனை, ஆட்டத்தின் உச்சத்தில் கட்டடமே பற்றிக்கொள்கிறது என்று போகும். 1976 கடைசியில் வந்தபோது கிளப்புகளில்தான் ஓடியது. இந்தப் படத்தில் சேர்ந்த பிறகு 1978இல்தான் வெளியே எல்லோர் காதுக்கும் போனது.

இதில் டிரம்ஸ் ஏர்ல் யங். பிலடெல்பியாக்காரர். டிராம்ப்ஸ் குழுவை நடத்தியவரும் அவர்தான், அடிக்குரல் பாடியவரும் அவர்தான். நான் மேலே சொன்ன அந்த ‘த்ஸ்’ இருக்கிறதே, அதை இந்த இசையின் அடையாளமாக்கியவர் அவர் என்று சொல்வார்கள். 1973இல் ஹெரால்ட் மெல்வின் அண்ட் தி புளூ நோட்ஸ் பாடிய ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாட்டில் அவர் வாசித்த ஹைஹாட்டைக் கேட்டால் புரியும். மதுரையில் காதுகுத்து மேடையில் நான் டிஸ்கோ என்று வாசிப்பது அந்த மனிதரின் இடது கால் வேலையைத்தான். இந்த ஆல்பத்தைக் கொண்டாடுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் கடந்துபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் தன்பாலீர்ப்பாளர்களும் தங்கள் கிளப்புகளில் வளர்த்தெடுத்த இசை இது. படம் அதை உலகத்துக்குக் கொண்டுபோனது. 1979 ஜூலையில் சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்து உடைத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் உடைத்த தாளத்தைத்தான் உலகம் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது.

‘டிஸ்கோ இன்ஃபெர்னோ’வைக் கேட்பதாக இருந்தால் முழு நீளத்தையே கேளுங்கள். சிங்கிளாக வந்த சுருக்கத்தில் டிராம்ப்ஸின் முதன்மைப் பாடகர் ஜிம்மி எல்லிஸ் பாடும் பகுதி மட்டும் கிடைக்கும், நடுவில் வாத்தியங்கள் தனியாக ஓடுகிற நீண்ட இடம் பறிபோய்விடும். அந்த இடத்தில்தான் ஏர்ல் யங் கொஞ்சமும் அவசரப்படாமல் வாசித்துக்கொண்டே போகிறார். ஹெட்போன் போட்டுக் கேட்டால் ஹைஹாட் எந்தக் காதில் வருகிறது என்றுகூடச் சொல்லிவிடலாம்.